களி என்றால் மகிழ்ச்சி

பெயர்தான் தப்பாகப் போனது. பொருளில் ஒரு குறையும் கிடையாது. ஐந்நூறு உருப்படி செய்து அடுக்கியிருந்தார்கள். ஐந்நூறின் முதுகிலும் தப்பான பெயர். தப்பு என்று ஊர் சொல்கிறது. நான் சொல்லவில்லை.

உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். போனை மேசைமேல் வையுங்கள், என் வாய்க்குக் கிட்டே நீட்ட வேண்டாம். எனக்குக் குரல் இருக்கிறது.

நீங்கள் என்ன கேட்க வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். 'ஐயா, கையில் வைத்து விளையாடுகிற இந்தக் கருவிக்கு இவ்வளவு பொருத்தமான பெயர் உங்களுக்கு எப்படித் தோன்றியது?' அதுதானே? போன வாரம் உங்களை மாதிரி ஒரு பத்திரிகைக்காரன் போட்டிருக்கிறான், 'ஓய்வு பெற்ற தமிழறிஞர் சூட்டிய பெயர்' என்று. அறிஞராம். நான் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுதின குமாஸ்தா. முப்பத்தோரு வருஷம். அறிஞர் என்று அவனிடம் யார் சொன்னது, ஏன் சொன்னது, எல்லாவற்றுக்கும் வருகிறேன். நடுவில் கேள்வி வேண்டாம். எனக்கு நீளமாகப் பேசிப் பழக்கம் இல்லை.

பெயர் விஷயத்தில் இந்த ஊரில் எனக்கு மேல் ஆள் கிடையாது. தற்பெருமை இல்லை, என் உத்தியோகமே அதுதான். குழந்தை ஆஸ்பத்திரியில் பிறக்கும், பெயர் என் மேசையில் பிறக்கும். வருகிறவன் வாயில் வந்ததைச் சொல்வான். ஒருத்தன் வந்தான், பெண் குழந்தை, 'டிம்பிள்னு போடுங்க' என்றான். அப்படி என்றால் என்ன? 'சிரிச்சா கன்னத்துல குழி விழுகுதுங்க.' குழி விழுந்தால் குழி என்றா பெயர் வைப்பது? குழலி என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வாங்கிக்கொண்டு போனான். இருபது வருஷம் கழித்து அந்தப் பெண் கெஜட்டில் போட்டுப் பெயரை மாற்றிக்கொண்டதாகக் கேள்வி. நன்றி கிடையாது. இப்படி எத்தனையோ பேருக்குச் செய்திருக்கிறேன். ஒருத்தர் வந்து கும்பிட்டதில்லை.

என் மகளுக்கும் நான்தான் வைத்தேன். பூங்கோதை. அதை 'கோதை' என்று வெட்டிக்கொண்டாள். பொறுத்துக்கொண்டேன்.

எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு ஷெட் போட்டு, பதினோரு வருஷமாகத் தண்ணீர் மோட்டார்களுக்கு டைமர் போர்டு செய்து கொடுத்தாள். பதினெட்டுப் பெண்கள் வேலை. போர்டு வாங்கிக்கொண்டிருந்த பெரிய கம்பெனி ஒருநாள், இனிமேல் சீனாவிலிருந்து இறக்கிக்கொள்கிறோம் என்று நிறுத்திவிட்டது. இரண்டே வழி. ஷெட்டைப் பூட்டிவிட்டு பெங்களூரில் எவனிடமாவது வேலைக்குப் போக வேண்டும். இல்லை, சொந்தமாக ஒரு பொருள் செய்து விற்க வேண்டும். அவள் சொந்தப் பொருள் என்றாள்.

செய்தாள். நன்றாகவே செய்தாள். உள்ளங்கை அளவு. மேலே சின்னத் திரை, கீழே நாலு அம்புப் பொத்தான், வலப்பக்கம் இரண்டு உருண்டைப் பொத்தான். உள்ளே ஆறு விளையாட்டு, எல்லாம் அவளே எழுதினது. டவுன் பஸ் நிற்காமல் போகும், ஓடிப்போய்ப் படியில் தொற்ற வேண்டும். தண்ணீர் லாரி வரும், குடத்தைச் சிந்தாமல் வீடு சேர்க்க வேண்டும். இப்படி. துப்பாக்கி கிடையாது. நான் அதையெல்லாம் தொடுகிறவன் இல்லை. சரிபார்ப்பதற்காகச் சில தடவை, அவ்வளவுதான். பஸ் ஆட்டத்தில் பதினேழாவது கட்டத்தில் ஒரு நாய் குறுக்கே வருகிறது. அது நியாயமே இல்லை. எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். அதை விடுங்கள்.

பெயர் வேண்டும் என்று பெங்களூரிலிருந்து ஒரு தாடிக்காரனை வரவழைத்தாள். விளம்பரக்காரன். சுவரில் படம் காட்டினான். பெரிய எழுத்தில் 'ஸுவோ'.

"என்ன அர்த்தம்?" என்றேன்.

"அர்த்தம் இல்லாததுதான் சார் இதோட பலம்."

"அப்படியானால் நீ பெரிய பலசாலி" என்றேன். மத்தியான பஸ்ஸிலேயே போய்விட்டான்.

கோதையும் ஒரு பட்டியல் வைத்திருந்தாள். பாக்கெட் ராஜா, குட்டி ஸ்டார், கேம் தம்பி. தம்பியாம். 'சிட்டு' என்று ஒன்று. துணி சோப்புக்கு வைக்கலாம். பட்டியலை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். மூன்று நாள் டைம் கொடு என்றேன்.

அகராதியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். ககர வரிசையில் அகப்பட்டது. களி. இரண்டே எழுத்து. அகராதியில் அதற்கு ஐந்தாறு பொருள் இருக்கும். முதல் பொருள் மகிழ்ச்சி. மற்றதெல்லாம் இங்கே தேவையில்லை.

எழுதிக் கொடுத்த தாளைக் கோதை வாங்கிப் பார்த்தாள்.

"அப்பா, இது... களிங்களா?"

"களிதான்."

"இல்லீங்ப்பா, களின்னா..."

"களி என்றால் மகிழ்ச்சி. மேலே பேசாதே."

பேசவில்லை. நான் வளர்த்த வளர்ப்பு அப்படி.

டெஸ்டிங் மேசையில் ஒரு பெண்பிள்ளை இருந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஷெட் போட்ட நாளிலிருந்து இருக்கிறவள். டைமர் போர்டைக் காதுக்குப் பக்கத்தில் வைப்பாள், உள்ளே ரிலே 'டிக்' என்று விழுகிற சத்தத்தைக் கேட்டே நல்லது கெட்டது சொல்லிவிடுவாள். பிறகு மீட்டர் வைத்துப் பார்த்தால் அவள் சொன்னதுதான் வரும். அதெல்லாம் சரி. வாய் அதிகம்.

"ஏனுங்க ஐயா, இது ஜெயில்ல போடற களிங்களா, திருவாதிரைக்குக் கிண்டற களிங்களா?"

சிரித்தார்கள். பதினெட்டும்.

"உனக்கு எப்போதும் சோற்று நினைப்பு" என்றேன்.

"சோத்துக்குத்தானுங்க ஐயா வேலைக்கே வர்றோம்" என்றாள்.

இவர்களோடு நான் என்ன பேச? நேரே அச்சு வெட்டுகிறவனிடம் போனேன். பிளாஸ்டிக் மூடி வார்க்கிற இரும்பு அச்சில் எழுத்தை வெட்ட வேண்டும். ஒருதரம் வெட்டினால் வெட்டினதுதான், அழிக்க முடியாது. ளகரத்தை லகரமாக வெட்டிவிடப் போகிறானே என்று பக்கத்திலேயே நின்றேன். சாப்பிடக்கூடப் போகவில்லை. கோதை கேட்டாள் என்பதற்காகக் கீழே சின்னதாக இங்கிலீஷில் நாலு எழுத்து. கே, ஏ, எல், ஐ. வினை அங்கேதான் வந்தது. இங்கிலீஷில் லகரம் ளகரம் கிடையாது, குறில் நெடில் கிடையாது. போடாதே என்றேன். கேட்டாளா? இதை எழுதிக்கொள்ளுங்கள். குற்றம் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கிறது.

அப்புறம் டீலர் கூட்டம். காந்திபுரத்தில் ஒரு ஓட்டல் ஹால், காலை பதினோரு மணி. சேலம், ஈரோடு, கரூர், திண்டுக்கல், பாலக்காடு என்று முப்பது பேர். அவர்கள் எடுத்துப் போய்க் கடைகளுக்குப் போட்டால் ஷெட் ஓடும். எடுக்காவிட்டால் மறுநாளே பதினெட்டுப் பேரையும் நிற்கவைத்து, இனிமேல் வராதீர்கள் என்று கோதை சொல்ல வேண்டும். அது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஆடிக் காட்டுவதற்காகக் கூட வந்திருந்த அந்த டெஸ்டிங்காரிக்கும் தெரியும். கோதை காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

மேடையில் பெரிதாக ஒரு பலகை. மேலே துணி. கோதை துணியை இழுத்தாள். களி.

கடைசி வரிசையிலிருந்து ஒருத்தன், "எத்தனை வருசமுங்க?" என்றான்.

ஹால் முழுக்கச் சிரிப்பு.

"தண்டனைக் காலமுங்களா? நன்னடத்தைன்னா கொஞ்சம் கொறைப்பாங்க!"

"தொட்டுக்க என்னங்க குடுக்கறீங்க?"

கரூர் சென்னியப்பன் என்று ஒருத்தர். பெரிய டீலர், கொங்கு வட்டாரத்தில் பாதிக் கடைக்கு அவர்தான் சரக்குப் போடுகிறவர். அவர் எடுத்தால் மற்றவன் எடுப்பான். அவர் எழுந்தார்.

"அம்மிணி, நீங்க கோவிச்சுக்கப்படாது. நான் கடக்காரன்கிட்டப் போயி என்னன்னு சொல்றது? 'நூறு களி எறக்கிருக்கறனுங்க, பசங்களுக்குக் குடுங்க'ன்னா? பெத்தவன் அடிக்க வருவானுங்க."

சேலத்துக்காரன் இங்கிலீஷைப் படித்துவிட்டான். "இது காளிங்க. ஆத்தா பேரை வெச்சுப்போட்டு, பசங்க அதைக் கக்கூசுக்கெல்லாம் எடுத்துட்டுப் போவானுங்க. எங்கூர்ல இதை வித்தா என்னையக் கோயலுக்குள்ள உடமாட்டாங்க." பக்கத்தில் இருந்தவன், "காளி இல்லீங்க, கலி. கலி முத்திப் போச்சுன்னு சொல்றதில்லீங்களா, அது" என்றான். நாலு எழுத்தை வைத்துக்கொண்டு மூன்று சண்டை.

பாலக்காட்டுக்காரன் ஒருத்தன் மட்டும் கைதட்டினான். "களி! கொள்ளாம்! நல்ல பேராணு!" என்றான். மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு. பார்த்தீர்களா? அந்த ஹாலில் தமிழ் தெரிந்த ஒரே ஆள் மலையாளி.

நான் எழுந்து மைக்கை வாங்கினேன். வாங்க வேண்டியிருந்தது. களி, களிப்பு, களித்தல், களிகூர்தல் என்று வேரிலிருந்து விளக்கினேன். சோற்றுக் களி வேறு, இது வேறு என்றேன். இந்த நாட்டில் ஒரு நல்ல சொல் கண்ணில் பட்டால் தட்டை எடுத்துக்கொண்டு வருகிறீர்களே என்றேன். ஒரு பத்து நிமிஷம் இருக்கும். பாதிப் பேர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். சிறுநீர் கழிக்க என்று நினைத்தேன். பையையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

"அப்பா, உக்காருங்க."

கோதைதான். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. முப்பத்தாறு வயதில் முதல் தடவையாக என்னைப் பார்த்து அப்படி. முகம் வெளிறிப் போயிருந்தது. உட்கார்ந்தேன். மரியாதை தெரியாத சபையில் நின்று என்ன ஆகப் போகிறது?

பேச்சு முறிந்துபோயிற்று. நாற்காலிகள் நகர்கிற சத்தம். சென்னியப்பன் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது அந்த டெஸ்டிங்காரி ஒரு டிரேயைத் தூக்கிக்கொண்டு நடுவில் வந்தாள். ஆடிக் காட்டுவதற்காகச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்த ஆறு உருப்படி.

"பேரை உடுங்க. பேரையா ஆடப் போறீங்க? இந்தாங்க, சாப்பாடு வர்ற வரைக்கும் பஸ்ஸைப் புடிங்க" என்றாள்.

சென்னியப்பன் வேண்டா வெறுப்பாக ஒன்றை வாங்கினார். முதல் பஸ்ஸில் விழுந்தார். கருவி 'ட்ர்ர்' என்று அதிர்ந்தது. "அட" என்றார். சாவியைப் பைக்குள் போட்டார். இரண்டாவது பஸ்ஸில் தொற்றிவிட்டார். மூன்றாவதில் விழுந்தார். பக்கத்தில் ஈரோட்டுக்காரன் கையை நீட்டிக்கொண்டே நிற்கிறான். "ஒருக்கா குடுங்ணா." "இருய்யா, இப்பத்தான் ஏறுனேன்." "ஒருக்காங்ணா, ஒருக்கா." அந்தப் பக்கம் சேலத்துக்காரன், ஆத்தா பேருக்குப் பயந்தவன், தண்ணீர்க் குடத்தைச் சிந்திவிட்டு, "ஒருக்கா ஆடிப்போட்டுத் தர்றனப்பா" என்று முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிறான். ஆறு கருவி, ஆறு கூட்டம். எல்லா வாயிலும் ஒரே சொல். ஒருக்கா. ஒருக்கா. வளர்ந்த ஆண்பிள்ளைகள். கேவலம்.

டெஸ்டிங்காரி டிரேயை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். போர்டில் ரிலே விழுகிறதைக் கேட்பாளே, அதே மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஏதோ சாப்பாட்டு வாசனை பிடிக்கிறாள் என்று நினைத்தேன்.

ஷெட்டில் சோதித்துத் தேறின போர்டில் ஒட்டுவதற்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒன்று வைத்திருப்பார்கள். எழுத்தில்லாத வெற்று ஸ்டிக்கர். சரி என்றால் அதில் மார்க்கர் பேனாவால் ஒரு டிக் போட்டு ஒட்டுவார்கள். அதில் ஒன்றை உரித்தாள். டிரேயின் அடியில் வைத்து ஏதோ எழுதினாள். கூடக் கொண்டுவந்திருந்த பெட்டியிலிருந்து இன்னொரு கருவியை எடுத்துத் திருப்பினாள். என் களியின் மேல், நான் சாப்பிடாமல் நின்று வெட்டவைத்த எழுத்தின் மேல், அழுத்தி ஒட்டினாள். கோதையிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"அம்மிணி, பேரை நாம வெக்கலீங்க. அவங்களே வெச்சுட்டாங்க. கேளுங்க."

கோதை கேட்டாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். மைக்கை எடுத்தாள்.

"ஒருக்கா" என்றாள்.

"என்னதுங்க?" என்றார் சென்னியப்பன், தலையை நிமிர்த்தாமல்.

"பேருங்க. இதோட பேரு. ஒருக்கா."

அவர் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு, "அப்ப, கடைக்கு வர்றவன் 'ஒருக்கா குடுங்க'ம்பான்?" என்றார்.

"ஆமாங்க."

"கடக்காரன் குடுத்துருவான்!"

மறுபடியும் சிரிப்பு. ஆனால் முன்னே சிரித்த சிரிப்பு இல்லை. எனக்குக் காது நன்றாகக் கேட்கும். வித்தியாசம் தெரிந்தது. "கரூருக்கு நூத்தம்பது எழுதிக்குங்க அம்மிணி" என்றார். ஈரோட்டுக்காரன், தனக்கும் எழுதச் சொல்லிக் கத்தினான். போனவர்கள் இரண்டு பேரையும் யாரோ போன் போட்டுத் திரும்பக் கூப்பிட்டார்கள். பாலக்காட்டுக்காரன் மட்டும், களியே போதுமாயிருந்தது என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான். படித்தவன்.

எவனோ டெஸ்டிங்காரியிடம் கேட்டான், எப்படி அக்கா தோணுச்சு என்று. அவள் சொல்கிறாள், "ரெண்டு மாசமா எங்க மேசையில எல்லாரும் சொல்றதுதானுங்க. ஐயாகூடச் சொல்லுவாருங்க, மத்தியானம் வந்து ஆடறப்ப." பச்சைப் பொய். நான் 'இன்னும் ஒருமுறை' என்றுதான் சொல்வேன்.

ஐந்நூறுக்கும் மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். பதினெட்டுப் பேரும் உட்கார்ந்து கையால் எழுதினார்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கையெழுத்து. ஒருத்தி ககரத்துக்கு மேல் புள்ளியே வைக்கவில்லை. நாற்பது உருப்படி 'ஒருககா' என்று போயிருக்கிறது. இப்போது அந்தக் கையெழுத்து ஸ்டிக்கர் ஒட்டினதுதான் வேண்டும் என்று தேடுகிறார்களாம். பைத்தியங்கள். புது அச்சு வெட்டி, அதில் மூவாயிரம் உருப்படி விற்றுப் போய்விட்டது. ஷெட்டில் கோதை இன்னும் ஆறு பேரைச் சேர்த்திருக்கிறாள்.

என்னைக் கேட்டால் அது பெயரே இல்லை. 'ஒருக்கால்' என்பதுதான் சரியான சொல். லகர மெய் கொட்டிப்போய்ப் பேச்சில் கிடப்பதை எடுத்து முதுகில் ஒட்டினால் பெயர் ஆகிவிடுமா? கடைசியில் ஒரு 'ல்' சேர்த்துக்கொள்ளுங்கள், நான் ஒத்துக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். கோதை அந்தத் தாளையும் வாங்கி வைத்துக்கொண்டாள். நாயை எடுக்கச் சொன்ன தாளோடு.

இந்த நிலையில்தான் போன வாரம் அந்தச் செய்தி. தமிழறிஞர் சூட்டிய பெயர். தெருவில் போனால் நிறுத்துகிறான். "ஐயா, என்னமா வெச்சீங்க பேரு! ஒருக்கா! வாயில நின்னுக்குதுங்க." பால் வாங்கப் போனால் பால்காரன். மருந்து வாங்கப் போனால் மருந்துக்கடைக்காரன். நாலு நாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

கோதையிடம் கேட்டேன். "யார் சொன்னது இப்படி?"

"நான்தாம்ப்பா."

"எதற்கு?"

"அன்னிக்கு ஹாலுக்குள்ள உங்களை உக்காரச் சொல்லிட்டேன். அதுலருந்து நீங்க ஷெட்டுக்கு வர்றதேயில்ல. உங்களுக்குச் சந்தோசமா இருக்குமேன்னு..."

"பெயரை வைத்தவள் என்ன சொன்னாள்?"

"அக்காகிட்டக் கேட்டுட்டுத்தாம்ப்பா சொன்னேன். 'ஐயா பேரே இருந்துட்டுப் போகட்டும், பெரியவரு'ன்னுட்டாங்க."

பார்த்தீர்களா? பிச்சை போடுகிறார்கள். அதுவும் இந்தப் பெயரை. முப்பத்தோரு வருஷம் ஒரு ஒற்றெழுத்துப் பிசகாமல் எழுதின என் தலையில், கொச்சைச் சொல்லைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். நான் இப்படி ஒரு பெயர் வைப்பேனா? ஊர் என்ன நினைக்கும்? செத்த பிறகும் சொல்வார்களே, 'ஒருக்கா' வைத்த ஆள் என்று.

நேற்று ஷெட்டுக்குப் போனேன். நேரே டெஸ்டிங் மேசை.

"உன் பெயர் என்ன?" என்றேன்.

கருவியைக் காதிலிருந்து எடுத்தாள். "பதினோரு வருசமா வந்து போயிட்டிருக்கறீங்க ஐயா. இன்னிக்குத்தான் கேக்கணும்னு தோணுச்சுங்களா?"

"கேட்டதற்குப் பதில் சொல்."

சொன்னாள். வாயால் சொன்னால் போதாது, ல எந்த ல என்று எனக்குத் தெரிய வேண்டும் என்றேன். ஒரு மஞ்சள் ஸ்டிக்கரை உரித்து எழுதிக் கொடுத்தாள். சுத்தமான எழுத்து. பிழை இல்லை. மேசையில் மற்றவர்கள் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஏன் பார்க்கிறார்கள்? ஒரு குமாஸ்தா பெயர் கேட்கக் கூடாதா?

போதும். போனை நிறுத்திவிடாதீர்கள், இதுதான் முக்கியம். நீங்கள் உங்கள் பத்திரிகையில் என்ன வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள். என் பெயரைப் போடாதீர்கள். அந்தப் பெயரை நான் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டேன். பேனாவை எடுங்கள். சொல்லச் சொல்ல எழுதுங்கள், எழுதினதை எனக்குக் காட்டுங்கள். முன்னெழுத்து மா, மாரண்ணன் என்கிற தகப்பன் பெயர். அதற்கப்புறம் புள்ளி. க, ன, க. தந்நகரம் இல்லை, றன்னகரம். பிறகு வல்லி. வல்லி என்றால் கொடி. இரண்டும் லகரம், ளகரம் போட்டு முருகன் பெண்டாட்டி ஆக்கிவிடாதீர்கள், அது வேறு ஆள்.

மா. கனகவல்லி.